ஏரிக்குக் கை கொடுத்தவர்களுக்கு எங்கள் தூண்டில் சங்கத்தின் நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஏரிச் சீரமைப்பின் முதல் கட்ட வேலை முடிந்துவிட்டது. சங்கத்தின் சார்பில் எல்லோருக்கும் நன்றி சொல்ல இதை எழுதுகிறேன். மீன் பிடிக்கிற எங்களுக்கு இந்தத் தண்ணீர் மேல் அக்கறை இருப்பது இயல்பு. ஆனால் வந்து உழைத்தவர்களில் பலர் தூண்டிலைத் தொட்டதே இல்லை. அவர்களும் இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள். அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையேற்றியவர்கள். தென் அமெரிக்காவிலிருந்து உலகமெங்கும் பரவிய களை அது. வெயிலும் சத்தும் தோதாக அமைந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். மருந்து அடித்தால் சீக்கிரம் முடியுமே என்று ஒரு பேச்சு வந்தது. ஆனால் மருந்தில் செத்த செடி தண்ணீருக்குள்ளேயே அழுகும். அழுகும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, இருக்கிற மீனும் செத்து மிதக்கும். அதனால் கையாலேயே எடுப்பது என்று முடிவானது. காற்று செடிகளை ஒரு கரைக்கு ஒதுக்கும் நேரம் பார்த்து, கயிறு போட்டு வளைத்து, கொக்கியால் இழுத்தீர்கள். அந்தச் செடியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்தக் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

எடுத்ததை வண்டி வைத்துத் தூரமாகக் கொண்டுபோய் மக்கவைத்த விவசாயிகளுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கரையிலேயே குவித்திருந்தால் முதல் மழையில் அந்தச் சத்தெல்லாம் திரும்ப ஏரிக்குள் இறங்கி, அடுத்த களைக்கு உரமாகியிருக்கும். இதன் விதை சேற்றுக்குள் 15 ஆண்டுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். ஆகவே மாதாமாதம் சுற்றிவந்து புது முளைகளைப் பிடுங்க ஒப்புக்கொண்டிருக்கும் குழுவுக்கு இப்போதே எங்கள் நன்றி. உங்கள் வேலை லேசில் முடியாது.

ஜேசிபி ஓட்டிய நண்பருக்கு அடுத்த வணக்கம். வண்டி கிடைத்துவிட்டால் கரையிலிருந்து கரை வரை ஒரே வழியாகச் சுரண்டிவிடத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். நாங்கள் கேட்டுக்கொண்டபடி அவர் ஒரு பாதியில் மட்டும் வண்டலை எடுத்தார், மறுபாதியைத் தொடவில்லை. அடிமண்ணில் வாழும் புழுவும் நத்தையும் பூச்சிகளின் இளம்பருவமும்தான் மீனுக்கு இரை. விட்டுவைத்த பாதியிலிருந்து அவை மெல்ல மெல்ல இந்தப் பக்கம் வந்து குடியேறும். கரையைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக இழுத்துக் கொடுத்ததும் அவர்தான். ஆழம் குறைந்த அந்த ஓரத்தில்தான் மீன்குஞ்சுகள் பதுங்கி வளரும். ஓரத்து நாணலையும் நீர்ப்பாசியையும் அப்படியே விட்டதற்கும் நன்றி. கெண்டை முட்டைகள் அவற்றில்தான் ஒட்டிக்கொள்ளும். நேர்த்தியாகத் தெரியவில்லையே என்று கேட்டவர்கள், காரணம் சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

அப்புறம், பள்ளிப் பிள்ளைகள்! கறுப்பும் வெள்ளையுமாக வர்ணம் பூசிய வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தை வாரந்தோறும் குறித்து வந்தார்கள். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டை இறக்கிச் செய்துபார்த்த முறை இது. தண்ணீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதை அறிய இன்றைக்கும் இவ்வளவு எளிய வழி வேறில்லை. இப்போது தட்டு முன்னைவிட ஆழத்தில்தான் மறைகிறது என்று அவர்களுடைய நோட்டு சொல்கிறது.

ஆக்சிஜன் அளந்தவர்களின் பொறுமையையும் சொல்ல வேண்டும். பகலில் செடிகளும் பாசியும் ஆக்சிஜனை வெளிவிடுவதால் மோசமான ஏரிகூட அப்போது நல்ல கணக்குக் காட்டும். இரவு முழுக்க எல்லா உயிர்களும் சுவாசித்து முடித்த பின், விடிவதற்குச் சற்று முன்தான் உண்மை தெரியும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் திணறத் தொடங்கும். அந்த இருட்டில் கருவியோடு வந்து நின்றவர்களால்தான், களை நீக்கிய பின் ஏரி மூச்சு விடுகிறது என்று இன்று எங்களால் சொல்ல முடிகிறது.

சங்கத்து உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. மீன் முட்டையிடும் பருவத்தில் தூண்டில் போடுவதில்லை என்ற முடிவை ஒருவர்கூட மீறவில்லை. பிடித்த மீனைத் திரும்ப விடுகிறவர்கள் எதிர்முள் (மீன் வாயிலிருந்து கழலாமல் பிடிக்கும் பின்நோக்கிய சிறு முனை) இல்லாத தூண்டில் முள்ளுக்கு மாறிவிட்டீர்கள். அறுந்த தூண்டில் நரம்பைச் சுருட்டி எடுத்துப் போகிறீர்கள், தூண்டிலை மூழ்கவைக்கக் கட்டும் ஈயக்குண்டையும் கைவிட்டீர்கள். கூழாங்கல் என்று நினைத்து ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால் பிரிட்டன் 1987இலேயே சிறிய ஈயக்குண்டுகளின் விற்பனையைத் தடை செய்தது. யாரும் தடை போடாமல் நீங்களாகவே விட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

குஞ்சு எப்போது விடப்போகிறோம் என்று பலர் கேட்கிறீர்கள். இப்போதைக்கு இல்லை. இருக்கிற மீன் ஒரு பருவமாவது தானாகப் பெருகட்டும். போதவில்லை என்றால், இதே நீர்நிலையைச் சேர்ந்த இனங்களை மட்டும் விடுவோம். அதற்கு முன் மரக்கிளைகளைக் கல்லோடு கட்டி அடியில் இறக்கி, குஞ்சுகள் ஒளிந்துகொள்ள இடம் செய்ய வேண்டும். கிளை வெட்ட அனுமதி தந்த தோட்டத்துக்காரருக்கு முன்கூட்டியே நன்றி. கட்டி இறக்க ஆட்கள் தேவை. நீச்சல் தெரிந்தவர்கள் சங்கத்தில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
செயலாளர், தூண்டில் சங்கம்