‘சர்வர் டவுன்’ என்ற பதில் எப்போதும் உண்மையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வருமானச் சான்று, பட்டா நகல், நகைக் கடன் என எதற்காகக் கவுண்டர் முன் நின்றாலும், ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்ற பதில் நம் வட்டாரத்தில் பழகிப்போய்விட்டது. சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையை ஒட்டிய சிறு கடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், அந்தப் பதில் பல நேரங்களில் சரியானதல்ல என்று சொல்ல விரும்புகிறேன். எங்கோ இருக்கும் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. படுத்துவிட்டது மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டி.

சென்ற கோடையில் ஒரு சேவை மையத்திலிருந்து என்னை அழைத்தார்கள். காலையில் ஒழுங்காக ஓடும் கணினி பதினொன்றரை மணிக்கு மேல் தானாகவே அணைந்துவிடுவதாகவும், வைரஸ் என்று நினைத்து விண்டோஸை இரண்டு முறை அழித்துப் புதிதாகப் போட்டும் பயனில்லை என்றும் கூறினார்கள். பேரனின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் வாங்க வந்த ஒரு மூதாட்டி, மூன்றாவது நாளாக அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெட்டி சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டு, அதன்மேல் பழைய கோப்புகள் அடுக்கப்பட்டிருந்தன. திறந்து பார்த்தபோது, கணினியின் மூளையான ப்ராசஸரின் சூட்டை இழுத்து வெளியேற்ற வேண்டிய ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே தூசி கம்பளி போலப் படிந்திருந்தது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் காற்று போக வழியில்லை. ப்ராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்த இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பு போலக் காய்ந்து உதிர்ந்தது.

ப்ராசஸரின் வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு தணியாவிட்டால், கருகிப் போகாமல் இருக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதாவது, பழுது என்று அவர்கள் நினைத்தது உண்மையில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. பாறைக் குன்றுகள் சூழ்ந்த வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், குளிர்சாதனம் இல்லாத அறையில் மூடிக் கிடக்கும் பெட்டி நண்பகலில் அணைவதில் மர்மம் ஏதுமில்லை. பிளோயர் வைத்து ஊதி, புதுப் பேஸ்ட் தடவி, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். முக்கால் மணி நேர வேலை. அன்று மாலையே அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் கிடைத்தது.

வெயிலுக்கு அடுத்த காரணம் மின்சாரம். 230 வோல்ட்டாக வரவேண்டிய மின்சாரம் ஏறி இறங்கும்போது, அதைக் கணினிக்குத் தேவையான 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டிதான் முதல் அடி வாங்குகிறது. நாளடைவில் அதிலுள்ள, மின்சாரத்தைச் சீராக்கும் கபாசிட்டர்களின் தலை உப்பிவிடும். அதன்பின் கணினி காரணமே இல்லாததுபோல் நடுவேலையில் ரீஸ்டார்ட் ஆகும். யு.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் செத்துவிடும், நம் ஊர்ச் சூட்டில் இன்னும் சீக்கிரம். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். எர்த் சரியில்லாத கட்டடங்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் விழுந்தால் ஃப்யூஸ் போகும் என்பதை என் அனுபவத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் பிழையால் நின்றுபோகும்போது வரும் நீலத் திரையைக் கண்டாலே, கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று பயப்படுவோரும் உண்டு. பல சமயம் தற்காலிக நினைவகமான ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்துப் பொருத்தினாலே சரியாகிவிடும்.

எல்லாப் பழியும் வன்பொருளுக்கே என்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் அப்டேட்டால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன; நம் நாட்டு விமான நிலையங்களிலும் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பல கணினிகளை ஒவ்வொன்றாக, அவசியமானவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்கித்தான் மீட்க முடிந்தது. அத்தகைய நாளில் கவுண்டரில் இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது எப்போதோ ஒருநாள் நடப்பது. தூசி தினமும் படிகிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது என்பதையும் பழைய கணினிகளை வைத்திருக்கும் அலுவலகங்கள் கவனிக்க வேண்டும்.

புதுக் கணினி வாங்க நிதி ஒதுக்குவோர், அதைச் சுத்தம் செய்யவும் பேட்டரி மாற்றவும் ஆண்டுக்குச் சில நூறு, சில ஆயிரம் ரூபாய் ஒதுக்குவதில்லை என்பதே என் குறை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மக்கள் வந்து நிற்கும் மையங்கள் அனைத்திலும், அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன், மார்ச் மாதத்திலேயே கணினிகளைத் திறந்து தூசி தட்டி, யு.பி.எஸ். பேட்டரியைச் சோதித்து, முக்கியக் கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் எடுத்து வைக்க உத்தரவிட வேண்டும் என்று உரிய அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்ன அந்த மையத்தில் பேட்டரி மாற்ற அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் ‘சாங்ஷன்’ ஆகவில்லையாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் ஒருவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.