வெயில் ஏறும்வரை வாசல் திறக்க வேண்டாம்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அப்பா எழுதுவது. ஸ்தோத்திரம். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். இங்கே ஒரு வாரமாக நல்ல காற்று. முற்றத்து வேப்பிலை முழுக்க வீட்டுக்குள்தான் கிடக்கிறது.

போன ஞாயிறு நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். நீ சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்தாய், அம்மா வேறு பக்கத்தில் நின்று போனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதனால் நிதானமாக எழுதுகிறேன் என்று வைத்துவிட்டேன். "தப்பானது எதையும் நான் பார்ப்பதில்லை அப்பா. ஆனால் பைபிளைத் திறந்தால் நாலு வசனத்துக்கு மேல் மனது நிற்க மாட்டேன் என்கிறது. முழங்கால் போட்டால் கண்டதெல்லாம் ஓடுகிறது. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது" என்றாய். இந்த வயதில் ஒரு பிள்ளை தகப்பனிடம் இதைச் சொல்வது பெரிய காரியம். போனை வைத்ததும் முதலில் அதற்காகத்தான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

நம் சபைகளில் இருதயத்தைக் காப்பது என்றால் உடனே ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். சினிமா வேண்டாம், குடி வேண்டாம், கெட்ட சகவாசம் வேண்டாம். பட்டியலில் தப்பில்லை, நானும் உனக்கு அதைச் சொல்லித்தான் வளர்த்தேன். ஆனால் பட்டியலில் உள்ள ஒன்றைக்கூடத் தொடாத மனுஷனுடைய இருதயமும் காவல் இல்லாமல் கிடக்கலாம். நீ சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது இதுதான். உன் வாசலில் கெட்டவன் நுழைந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் வாசலைத் திறப்பதும் மூடுவதும் இப்போது உன் கையில் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது கவனித்தேன். குடும்ப ஜெபத்தில் அம்மா சங்கீதம் வாசிக்கிறாள். உன் போன் கட்டிலில் கவிழ்ந்து கிடக்கிறது. அது லேசாக அதிரும்போதெல்லாம் உன் கண் அங்கே போய்த் திரும்புகிறது. நீ எடுக்கவில்லை, அதையும் பார்த்தேன். ஆனால் அம்மா எந்தச் சங்கீதம் வாசித்தாள் என்று ஜெபம் முடிந்ததும் கேட்டிருந்தால் உன்னால் சொல்லியிருக்க முடியாது. ராத்திரி ஒரு மணிக்கும் உன் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது.

நீ இந்தப் போன், இணையம் சம்பந்தப்பட்ட துறையிலேயே வேலை பார்க்கிறவன், என்னைவிட உனக்குத்தான் இது நன்றாகத் தெரியும். மக்கள் யூடியூபில் செலவிடும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதுவே எடுத்துக்கொடுக்கும் வீடியோக்களில்தான் போகிறது என்று 2018ல் அந்தக் கம்பெனி அதிகாரியே சொன்னார். எங்களுக்குப் போட்டி மனிதர்களின் தூக்கம்தான் என்று நெட்ஃபிளிக்ஸ் தலைவர் 2017ல் வெளிப்படையாகப் பேசினார். அப்படியானால் ராத்திரி படுக்கும்போது உன் மனதுக்குள் எது போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது யார்? பொல்லாததோ நல்லதோ, அது இரண்டாவது கேள்வி. முதலாவது, தீர்மானிப்பது நீ இல்லை.

இடிந்து கிடந்த எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டின நெகேமியாவின் புத்தகத்தை மறுபடியும் எடுத்து வாசி. 52 நாளில் அந்த அலங்கத்தைக் கட்டி முடித்ததைத்தான் எல்லாரும் பிரசங்கிப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. ஏழாம் அதிகாரத்தில் கதவுகளைப் போட்டு, வாசல் காவலாளரை வைத்துவிட்டு அவர் சொல்கிறார்: "வெயில் ஏறுமட்டும் எருசலேமின் வாசல்கள் திறக்கப்படவேண்டாம்." வாசலை நிரந்தரமாக அடைத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பட்டணம் என்றால் ஜனங்கள் வர வேண்டும், போக வேண்டும், சரக்கு வர வேண்டும். ஆனால் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரத்தில் திறக்காதே, நன்றாக விடிந்து, யார் வருகிறார்கள் என்று முகம் தெரிகிற நேரத்தில் திற என்கிறார்.

அதே புத்தகத்தின் கடைசி அதிகாரத்தையும் பார். தீரு பட்டணத்தார் மீன் கொண்டுவந்து ஓய்வுநாளில் எருசலேமுக்குள்ளேயே விற்கிறார்கள். மீன் கெட்டதா? இல்லை. மற்ற ஆறு நாளும் அதே மீனை வாங்கிக் குழம்பு வைக்கலாம். ஆனால் அந்த நாள் கர்த்தருடையது. நெகேமியா என்ன செய்தார் தெரியுமா? ஓய்வுநாளுக்கு முந்தின சாயங்காலம், இருட்டத் தொடங்கும்போதே கதவுகளைப் பூட்டச் சொன்னார். பூட்டியதும் வியாபாரிகள் போய்விடவில்லை. இரண்டொரு தரம் அலங்கத்துக்கு வெளியிலேயே இராத்தங்கிப் பார்த்தார்கள். திரும்ப வந்தால் கைவைப்பேன் என்று இவர் கடிந்துகொண்ட பிறகுதான் வருவதை நிறுத்தினார்கள்.

"தப்பானது எதையும் பார்ப்பதில்லை" என்கிறாயே, அதற்கு இந்த மீன்தான் என் பதில். கிரிக்கெட், சமையல், பழைய நகைச்சுவை, யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் லடாக் போவது, இவை ஒன்றும் பாவம் இல்லை. ஆனால் நாளின் கடைசி ஒரு மணி நேரத்தையும் விடிந்த முதல் அரை மணி நேரத்தையும் அவை எடுத்துக்கொண்டால், ஜெபத்துக்கு உட்காரும்போது அவைதான் உள்ளே சத்தம் போடும். வேறு எது போடும்?

அதனால் ஒன்று செய். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போன் உன் அறையில் இருக்க வேண்டாம். சமையலறை அலமாரியில் வைத்துவிடு. அலாரத்துக்கு வேண்டும் என்பாய் என்று தெரிந்துதான் அம்மா அனுப்பும் பார்சலில் ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வைத்திருக்கிறேன், பேட்டரியும் போட்டாயிற்று. காலையில் எழுந்து, வேதம் வாசித்து ஜெபித்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு போனைத் தொடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்வரை தொடாதே. முதல் சில ராத்திரி கை தேடும், தூக்கம் வராது. தீரு பட்டணத்தார் வெளியே படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள். திறக்காதே, போய்விடுவார்கள்.

இன்னொன்று. வார இறுதியில் உன் ரூமில் எல்லாரும் சேர்ந்து ஏதாவது படம் போடும்போது, "நான் பார்க்கவில்லை, சும்மா பக்கத்தில் இருந்தேன்" என்று ஒரு தடவை சொன்னாய். பழைய காலத்துச் சபைத் தலைவரான அகஸ்டின் தன் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருப்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். அலிப்பியுஸ் சட்டம் படிக்க ரோமாபுரிக்குப் போனவர். அங்கே அரங்கத்தில் மனிதர்கள் வாளெடுத்து ஒருவரையொருவர் வெட்டிச் சாகும் விளையாட்டு நடக்கும். அவருக்கு அது அருவருப்பு. ஒருநாள் கூடப் படிக்கிறவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். என் உடம்பைத்தான் கொண்டுபோகிறீர்கள், என் கண்ணும் மனதும் அங்கே இருக்காது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். சண்டையில் ஒருவன் விழுந்தபோது கூட்டம் ஒரே குரலாகக் கத்தியது. அந்தச் சத்தம் காது வழியாகப் போய்விட்டது. என்னவென்று பார்த்துவிட்டு அதையும் வெறுத்துவிடலாம் என்று கண்ணைத் திறந்தார். அதோடு போயிற்று. அந்த இரத்தத்தைப் பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார். அப்புறம் மற்றவர்களை அவரே கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு ஆனார்.

அவர் பலவீனமானவர் இல்லை, அதைக் கவனி. தன் பலத்தை நம்பி அந்த இடத்தில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு அரங்கத்தில் உட்காருவதைவிட அரங்கத்துக்கே போகாமல் இருப்பது சுலபம். படம் போட்டால் எழுந்து மொட்டைமாடிக்குப் போ, இல்லையென்றால் எனக்குப் போன் போடு. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

தகப்பனும் மகனும் பேசக் கூச்சப்படும் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். ஆபாசப் படங்கள் இந்தக் காலத்தில் தேடிப் போகாதவன் கையிலும் வந்து விழுகின்றன. நீ பார்ப்பதில்லை என்றாய், நம்புகிறேன். என்றைக்காவது விழுந்துவிட்டால் மறைக்காதே. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" என்று யோவான் எழுதின வசனம் விசுவாசிகளுக்கு எழுதினது. முதலில் ஆண்டவரிடம் சொல், அப்புறம் என்னிடமோ, நீ நம்புகிற ஒரு மூத்த சகோதரரிடமோ சொல். நான் உன்மேல் வைத்திருக்கும் மதிப்பு அதனால் குறையாது. அந்த அலிப்பியுஸ் 387ல் மிலான் நகரத்தில் அகஸ்டினோடுகூட ஞானஸ்நானம் பெற்றார், பின்னாளில் தன் சொந்த ஊர் சபைக்கே பேராயர் ஆனார். ஆண்டவர் அவரை அந்த அரங்கத்திலேயே விட்டுவிடவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன். என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான்.

நீ குடும்ப குரூப்பில் அனுப்பும் வீடியோக்களை நான் பார்க்கிறேன். எல்லாம் கிறிஸ்தவ வீடியோக்கள்தான். ஒன்றில் ஓர் ஊழியக்காரர் இன்னோர் ஊழியக்காரரைப் பேர் சொல்லித் திட்டுகிறார். ஒன்றில் இந்த மாதத்துக்குள் தேசத்துக்கு இன்னது நடக்கும் என்று கர்த்தர் சொன்னதாகச் சொல்கிறார்கள், திரையின் அடியில் காணிக்கை அனுப்பக் கியூஆர் கோடு. இன்னொன்று பிற மதத்தாரைப் பற்றியது. அதை நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

தம்பி, அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நமக்குத் தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்தது யார்? எதிர்வீட்டு அத்தை. மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலம் போட்டுவிட்டு, நம் வாசலையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் போகிறவர்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த அத்தை முகத்தை உன்னால் சந்தோஷமாகப் பார்க்க முடியுமா? நான் பாதிதான் பார்த்தேன், என் மனது அன்று முழுக்கக் கசந்து கிடந்தது. நீ தினமும் இதைப் பார்த்துவிட்டு எரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறாய்.

இச்சையோடு பார்ப்பதைப் பற்றி ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னதை நம் வாலிபர் கூட்டங்களில் நிறைய கேட்டிருக்கிறாய். அதே அதிகாரத்தில் அதற்கு முன்னாலேயே, சகோதரனை நியாயமில்லாமல் கோபித்துக்கொள்ளுகிறதையும் மூடனே என்கிறதையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். இரண்டும் இருதயத்தைக் கெடுப்பவைதான். ஒன்றைக் கண்டால் பயந்து ஓடுகிறோம், மற்றதை ஆவிக்குரிய செய்தி என்று பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். இது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

எதை நம்புவது என்று கேட்பாய். யாக்கோபு ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறார். பரத்திலிருந்து வருகிற ஞானம் "முதலாவது சுத்தமுள்ளதாயும், பின்பு சமாதானமும் சாந்தமும் இணக்கமுமுள்ளதாயும்" இருக்கும் என்று எழுதுகிறார். ஒரு பேச்சைக் கேட்டு முடித்ததும் உன்னையே கேட்டுப் பார். யாரையாவது அதிகமாக நேசிக்கத் தோன்றுகிறதா, யாருக்காவது ஜெபிக்கத் தோன்றுகிறதா, இல்லை யாரையாவது அடிக்க வேண்டும்போல இருக்கிறதா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால், பேசினவர் கையில் வேதப்புத்தகம் இருந்தாலும் அந்தச் சேனலை விட்டு விலகு. எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்தறியுங்கள் என்று யோவான் சும்மா எழுதவில்லை.

அப்புறம், வெறுமனே அடைத்து வைத்தால் மட்டும் போதாது. ஆண்டவர் சொன்ன உவமையில், பெருக்கி ஜோடித்த வீடு காலியாக இருந்ததால்தான் மனுஷனை விட்டுப் போன அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. எடுத்த நேரத்தில் எதையாவது வைக்க வேண்டும். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாடம் செய்த சங்கீதங்கள் உனக்குள் இன்னும் இருக்கின்றன. பஸ்ஸில் போகும்போது ஒன்றை மனதுக்குள் சொல்லிப் பார். அறையில் தனியாக இருந்தால் வாய்விட்டு வாசி, சத்தம் போட்டு வாசிக்கும்போது மனது அவ்வளவு சீக்கிரம் ஓடாது. கீர்த்தனை ஒன்றை முழுக்கப் பாடு, ராகம் தப்பினாலும் சரி. ஞாயிறு ஆராதனையைப் படுக்கையில் கிடந்து ஆன்லைனில் பார்க்காதே. பெங்களூரில் தமிழ் ஆராதனை இருக்கிற ஆலயங்கள் பல இருக்கின்றன. நேரில் போ. பக்கத்தில் இருக்கும் வயதானவருக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடு.

"எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்" என்ற நீதிமொழி உன்னைக் காவல் நிற்கச் சொல்கிறது. அந்தக் காவலை மட்டும் நம்பியிருந்தால் நான் என்றைக்கோ சோர்ந்திருப்பேன். பவுல் சிறைக்காவலில் இருந்த இடத்திலிருந்து பிலிப்பியருக்கு எழுதினார்: கவலைகளை ஸ்தோத்திரத்தோடே ஜெபத்தில் சொல்லுங்கள், எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும். நீ தூங்கும்போதும் நிற்கிற காவல் அது.

திங்கட்கிழமையிலிருந்து குடும்ப ஜெபத்தில் பிலிப்பியர் தொடங்குகிறோம். நாலே அதிகாரம், ஒரு நாளைக்குப் பத்து வசனம் போதும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடு. வாசிப்பது நீ, பாட்டு அம்மா, ஜெபம் நான். முடித்ததும் போனைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடு.

பார்சலில் கருப்பட்டியும் சுக்கு மிட்டாயும் இருக்கிறது. கருப்பட்டியை டப்பாவில் போட்டு மூடி வை, எறும்பு வந்துவிடும்.

உனக்காக ஜெபிக்கும்,
அப்பா