கால்வாசித் திரை

குலசேகரம்
செவ்வாய், நல்ல மழை

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. இன்றைக்கு எழுத உட்கார்ந்தது மழையால். முந்தாநாள் ராத்திரி பிடித்தது, இன்னும் விடவில்லை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோச்சு. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டிய மரத்தில்கூட இந்தப் பெய்ச்சலில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். கோதையாறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது, திற்பரப்பில் குளிக்க விடவில்லை என்கிறார்கள். வீட்டில் மரச்சீனி வெந்துகொண்டிருக்கிறது. எழுதுவதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

உன் அம்மாவைப் போன வாரம் தக்கலையில் பஸ்ஸுக்கு நிற்கையில் பார்த்தேன். நன்றாக இருக்கிறார்கள். “அவன் விளிச்சா ரெண்டு நிமிசம் பேசுவான், அதுக்குள்ள அவனுக்கு வேல வந்திரும்” என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயே பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘கோல்டன்ஐ’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தை இத்தனை வருஷம் கழித்து மறுபடி பார்த்ததாகவும், பிறகு அதே பெயரில் 2010-இல் வந்த வீடியோ கேமை ஆடி முடித்ததாகவும், நாம் அன்றைக்கு ஆடிய 1997 கேமை நினைத்து “பழசைவிட இதுதான் கொள்ளாம்” என்று தோன்றியதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஒரு சாயா குடித்தேன். நீயாடா இதை எழுதியது?

முதலில் படம். 1989-க்குப் பிறகு வழக்கு, வம்பு என்று ஆறு வருஷம் பாண்ட் படமே வரவில்லை. சோவியத் யூனியன் உடைந்துவிட்டது, இனி இந்த ஆளுக்கு என்ன வேலை என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த சமயத்தில், 1995-இல், பியர்ஸ் பிராஸ்னன் முதல்முறையாக அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கம். நமக்கு அந்த வரலாறு ஒன்றும் தெரியாது. நாகர்கோவிலில் மேட்னி ஷோ, மர பெஞ்சு, ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. ஆனால் டாங்கியை ஓட்டிக்கொண்டு சுவரை இடித்து வெளியே வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் டையைச் சரி செய்தாரே, அதற்கு எந்த மொழியும் வேண்டியிருக்கவில்லை. தியேட்டரே விசில். அந்தத் தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். போன மாசம் ஒரு ரிசப்ஷனுக்குப் போனபோது திரை இருந்த இடத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். எனக்கு என்னவோ அந்தப் பக்கமிருந்து டாங்கி வரும் என்றே தோன்றியது.

தொடக்கத்தில் அணையிலிருந்து குதிக்கும் காட்சி உனக்கு மறந்திருக்காது. அது நிஜ அணை. சுவிட்சர்லாந்தில் வெர்சாஸ்கா, 220 மீட்டர் உயரம். குதித்தவர் வெய்ன் மைக்கேல்ஸ் என்ற ஸ்டண்ட் கலைஞர். நாம் படம் பார்த்த மறுவாரமே மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய், நடுவில் நின்று கீழே பரளியாற்றைப் பார்த்தோம். நீ கையை விரித்துக்கொண்டு நின்றாய். எனக்குக் கால் கூசியது. தொட்டிப்பாலம் 115 அடிதான். அப்படிப்பட்ட பாலங்கள் ஆறை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த அணையின் உயரம் வராது. இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த மனுஷன்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

படத்தின் குறையைச் சொல்லாமல் விட்டால் நீ என்னைப் பக்தன் என்பாய். எரிக் செர்ராவின் இசை எனக்கு அன்றும் ஒட்டவில்லை, இன்றும் ஒட்டவில்லை. யாரோ தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கிறது. டாங்கித் துரத்தலுக்கு அவர் போட்ட இசையைத் தூக்கிவிட்டு ஜான் ஆல்ட்மேனை வைத்து வேறு போட்டார்கள். நல்லவேளை. டீனா டர்னர் பாடிய தலைப்புப் பாட்டைத்தான் நான் இப்போதும் முணுமுணுக்கிறேன்.

ஆனால் படத்தின் உயிர் இதெல்லாம் இல்லை. 006 என்ற உளவாளிதான். பாண்டோடு கூடவே வேலை செய்த நண்பன், செத்துப்போனான் என்று நினைத்த நண்பன், எதிரியாக வந்து சிலைகளுக்கு நடுவில் நிற்கிறான். அவன் காரணமும் சும்மா பணத்தாசை இல்லை. 1945-இல் ஆஸ்திரியாவின் லியன்ஸில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்த கொசாக்குகளை, அதாவது ஜெர்மனி பக்கம் நின்று சோவியத்தை எதிர்த்த ரஷ்யப் போர்வீரர்களை, அவர்கள் அப்படியே ஸ்டாலின் கையில் ஒப்படைத்தார்கள். அது நிஜமாக நடந்தது. அந்தக் கூட்டத்தில் தப்பியவர்களின் மகன் இவன். நடிகர் ஷான் பீன் பிறந்தது 1959. கணக்கு கொஞ்சம் இழுக்கும், அப்பா பிற்பாடுதான் செத்தார் என்பதால் எப்படியோ தேறும். போகட்டும். எந்த நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தானோ அதே நாடு அவன் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தது. வில்லன் பேசுவதில் பாதி நியாயம் இருந்தால்தான் படம் நிற்கும்.

இப்போது நீ புகழும் 2010 கேமை எடு. பிராஸ்னனுக்குப் பதில் டேனியல் கிரெய்க். கொசாக் கதையை எடுத்துவிட்டார்கள். கடைசிச் சண்டை நடக்கும் இடமாகக் கியூபா போய் நைஜீரியா வந்தது. காலத்துக்கேற்ற மாற்றம் என்கிறாய். துப்பாக்கி குறி வைப்பது சுகம், ஓட்டம் சுகம், ஒத்துக்கொள்கிறேன். கஷ்டமான கட்டத்தில் பழைய மாதிரி உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடும் கவசமும் வைத்ததும் நல்ல காரியம்தான். ஆனால் 006-இன் காயத்தை எடுத்துவிட்ட பிறகு அவன் இன்னொரு கோபக்காரன், அவ்வளவுதான். மீன் இல்லாமல் மீன்குழம்பு வைத்தால் புளியும் மிளகாயும் சரியாகவே இருக்கும், ஆனால்?

2004-இல் வந்த ‘ரோக் ஏஜென்ட்’ கேம் பற்றியும் கேட்டிருந்தாய். பெயரில் மட்டும் கோல்டன்ஐ. படத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. விடு.

1997 கேமுக்கு வருவோம். படம் வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்துத்தான் அது வந்தது. படத்தோடு சேர்த்து அவசரமாக இறக்கும் கேம்கள் பெரும்பாலும் பாதி வெந்த சோறாக இருப்பதை நாமே பார்த்திருக்கிறோம். இதற்கு வேக நேரம் கிடைத்தது. இங்கிலாந்தில் ரேர் என்ற கம்பெனி, மார்ட்டின் ஹோலிஸ் தலைமையில் பத்துப் பேர் மாதிரி ஒரு சின்னக் கூட்டம், அதில் பெரும்பாலோர் அதற்குமுன் ஒரு கேம்கூடச் செய்யாதவர்கள். படப்பிடிப்புத் தளத்துக்கே போய் போட்டோ எடுத்து, செட் வரைபடங்களை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு செய்ததுதான் வேடிக்கை. ஆட்டக்காரன் எங்கே தொடங்குவான், எங்கே வெளியேறுவான் என்று முடிவு செய்யாமலே முதலில் கட்டடத்தைக் கட்டினார்கள். என்ன வேலை செய்ய வேண்டும் என்பதை அப்புறம்தான் உள்ளே வைத்தார்கள்.

உனக்கு ஞாபகம் இருக்கா, ஒரு அறைக்குள் போனால் ஒன்றுமே இருக்காது. சாவி இருக்காது, குண்டு இருக்காது. வெறும் மேசை, ஒரு கம்ப்யூட்டர். “எதுக்குடா இந்த ரூம்?” என்று நீ எரிச்சல்படுவாய். எனக்கு அந்த வெற்று அறைகள்தான் பிடிக்கும். நிஜக் கட்டடத்தில் எல்லா அறையும் நமக்காகவா இருக்கிறது? பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடந்தால் எத்தனை அறைகளுக்குக் காரணம் தெரிகிறது? 2010 கேமில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உன்னைக் கைபிடித்து அடுத்த வாசலுக்குக் கொண்டுபோகிறார்கள். அதில் நீ பயணி. பழையதில் நீ நுழைந்தவன், வழி தெரியாதவன், பிடிபட்டால் செத்தவன். உளவாளி என்றால் அதுதானே?

உன் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து அந்த நின்டெண்டோ பெட்டியையும் ஒரே ஒரு கேசட்டையும் கொண்டுவந்த நாளை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். 1998, கிறிஸ்துமஸ் லீவு. மாட்டிப் பார்த்தால் படம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. மிஷின் கெட்டுப்போச்சு என்று சித்தி அழாத குறை. டிவி மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, இது அமெரிக்க முறைப் பெட்டி, நம்ம டிவி வேற முறை, அதான் கலர் பிடிக்கல்ல என்றார். கல்ஃபிலிருந்து வந்த டிவி ஒன்று பக்கத்து வீட்டில் கிடைக்கும்வரை பத்து நாள், கேமில் வரும் ரஷ்ய இடமான செவர்னயாவின் பனியை நாம் கறுப்பு வெள்ளையில்தான் பார்த்தோம். பனி எப்படியும் வெள்ளைதான் என்று உன் தம்பி சமாதானம் சொன்னான். கரண்ட் வேறு போகும். ஒரு கட்டத்தை முழுசாக முடித்தால்தான் பதிவாகும், ரயில் கட்டத்தில் கடைசி நிமிஷத்தில் கரண்ட் போய் நீ கன்ட்ரோலரை மெத்தையில் அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாலு பேர் ஆட்டத்தை அவர்கள் கடைசி நேரத்தில்தான் சேர்த்தார்களாம். அது இல்லாமல் வந்திருந்தால் நம் நாலு பேர் சிநேகிதம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். நீ, நான், உன் தம்பி, குளச்சல்காரன். நாலாகப் பிரிந்த திரை, ஆளுக்குக் கால்வாசி. நீ எப்போதும் ஆட்ஜாப் என்ற ஆளைத்தான் எடுப்பாய். குள்ளன், நேராகச் சுட்டால் குண்டு தலைக்குமேல் போய்விடும். தடை போட்டோம், கேட்டாயா? கேமில் வரும் கக்கூசில் மைன், அதாவது வெடி, ஒட்டி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஏத்தன்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பாய். படத்தில் 006 செய்த துரோகம் எனக்குப் பெரிதாகத் தெரியாததற்கு நீதான் காரணம்.

ஆனால் நான் சொல்ல வந்தது இது. என் கால்வாசியில் நான் ஒளிந்திருப்பதை மற்ற முக்கால்வாசிக்காரர்களும் எட்டிப் பார்க்கலாம். அடுத்தவன் திரையைப் பார்க்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினோம், குளச்சல்காரன் அட்டைப்பெட்டியைக் கிழித்துத் திரைக்கு நடுவே தடுப்புகூட வைத்தான். எவனும் நிறுத்தவில்லை. பார்க்காததுபோல் பார்ப்பது, பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் வேறு வழியில் வருவது, தான் பார்க்கப்படுவது தெரிந்து வேண்டுமென்றே சுவரைப் பார்த்து நிற்பது. மக்கா, உளவு வேலை அங்கேதான் நடந்தது, கேசட்டுக்குள்ளே இல்லை, சித்தப்பா வீட்டுத் திண்ணை அறையில். எந்தப் படமும் எந்தப் புதுக் கேமும் எனக்கு அதைத் தரவில்லை.

2023 ஜனவரியில் அந்தப் பழைய கேமை மறுபடி வெளியிட்டார்கள். உரிமை நாலு பக்கம் சிக்கிக் கிடந்ததால் அத்தனை வருஷம் ஆச்சு. நின்டெண்டோவின் புதுப் பெட்டியான ஸ்விட்சில் இன்டர்நெட் வழியாகவும் ஆடலாம், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் அது கிடையாது. அக்கா மகன் லீவுக்கு வந்தபோது அவன் ஸ்விட்சில் போட்டுக் கொடுத்தான். இரண்டு நிமிஷம் தானும் ஆடினான். “மாமா, எல்லாருக்கும் மூஞ்சி பெட்டி மாதிரி இருக்கு. எங்க போணும்னு அம்புக்குறியே இல்ல” என்றான். நியாயம்தான். ஒற்றைக் குச்சியும் மஞ்சள் பொத்தான்களுமாக நாம் எப்படி ஆடினோம் என்று எனக்கே ஆச்சரியம். ஆனால் ஆட்டத்தை நிறுத்தினால் பாண்ட் கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பார்க்கும்போது வரும் அந்த இசையைக் கேட்டதும் அவனும் தலையாட்டினான். செர்ராவால் முடியாததை கேம்காரர்கள் செய்துவிட்டார்கள் என்று அவனிடம் சொன்னேன், அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்டர்நெட்டில் ஆடினால் எதிராளியின் திரை தெரியாது. ஒழுங்கான ஆட்டம். எனக்கு அதில் ருசி இல்லை.

இன்னொன்று. கடைசிச் சண்டை நடக்கிற அந்தப் பெரிய தட்டு, படத்தில் கியூபா என்பார்கள், உண்மையில் போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ. 1963-இல் கட்டிய ரேடியோ தொலைநோக்கி, 305 மீட்டர் அகலம். 2020 டிசம்பர் 1-ஆம் தேதி கம்பிகள் அறுந்து, மேலே தொங்கிய 900 டன் மேடை தட்டின்மேல் விழுந்தது. வீடியோவில் பார்த்தேன். 006 விழுந்த அதே பள்ளம். நானும் நீயும் நூறு தடவையாவது அந்த மேடையில் ஒருவரையொருவர் துரத்தியிருப்போம் என்பதுபோல் ஒரு பிரமை, நாலு பேர் ஆட்டத்தில் அந்த இடம் கிடையவே கிடையாது என்று தெரிந்தும்.

குளச்சல்காரன் மகளுக்கு டிசம்பர் கடைசியில் கல்யாணம். உனக்கும் பத்திரிகை வரும். வராமல் இருந்துவிடாதே. சித்தப்பா வீட்டுப் பரணில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது, துடைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கன்ட்ரோலர் இரண்டுதான் தேறும். அங்கே பழைய சாமான் கடைகளில் கிடைத்தால் இரண்டு வாங்கி வா. ஆட்ஜாப் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

மழை கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருக்கிறது. பழைய ரப்பர் ஷீட்டைப் புகைப்புரையில் திருப்பிப் போடவேண்டும். அம்மாவுக்கு விளி.

இப்படிக்கு,
உன் குலசேகரத்துக்காரன்