கடை வாசலில் தொங்கும் ஆரஞ்சு, ஊதா, கறுப்பு ஜெர்சி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வாசலில் அந்த ஜெர்சியை மாட்டி ஒரு மாதம் ஆகிறது. பந்துக்குக் காற்றடிக்க வருகிற பையன்கள்கூட, "இது எந்த ஊர் டீம் அண்ணே?" என்று கேட்காமல் போவதில்லை. கவுன்டரில் நின்று சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் இந்த மடல்.

அது லண்டனின் வாண்டரர்ஸ் என்ற பழைய கால்பந்து அணியின் நிறம். 1859-இல் லேட்டன்ஸ்டோன் பகுதியில், பெரும்பாலும் ஹாரோ பள்ளியில் படித்து முடித்த இளைஞர்கள் 'ஃபாரஸ்ட்' என்ற பெயரில் தொடங்கிய அணி. 1864-இல் பெயர் மாறியது. வாண்டரர்ஸ் என்றால் ஊர் சுற்றுகிறவர்கள். அப்போது அவர்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. யாரும் காசு வாங்கிக்கொண்டு ஆடவில்லை.

அணியின் தூண் சார்லஸ் ஆல்காக். 1871-இல் எஃப்.ஏ. (இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம்) கோப்பைப் போட்டி நடத்தலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். முதல் ஆண்டு அரையிறுதியில் வாண்டரர்ஸும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து அணியான குயின்ஸ் பார்க்கும் கோல் இல்லாமல் சமன். மறுஆட்டத்துக்கு இன்னொரு தடவை லண்டன் வந்துபோகக் கையில் பணமில்லாமல் குயின்ஸ் பார்க் விலகிக்கொண்டது. வேன் வாடகைக்குத் துண்டு விழுந்து டோர்னமென்டை விட்ட டீம்களுக்கு அந்த வலி தெரியும். 1872 மார்ச் 16, கென்னிங்டன் ஓவல் மைதானம். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்களின் அணியான ராயல் இன்ஜினியர்ஸை 1-0 என்று வென்று முதல் கோப்பையை வாண்டரர்ஸ் தூக்கியது. கோல் அடித்தவர் மார்ட்டன் பெட்ஸ், ஆனால் 'ஏ. எச். செக்கர்' என்ற புனைபெயரில் ஆடினார்.

1873-இலும் கோப்பை அவர்களுக்கே. பிறகு 1876, 1877, 1878 என்று வரிசையாக மூன்று. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நம்மூர் சுழற்கோப்பைகளில் "தொடர்ந்து மூன்று முறை வென்றால் சொந்தம்" என்று பொறிக்கச் சொல்கிறீர்கள் அல்லவா, அங்கேயும் அதே விதிதான். கோப்பை அவர்களுடையதாகிவிட்டது. அவர்களோ, இனி எந்த அணியும் இதைச் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு சங்கத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்களிடம் கோப்பை ஆர்டர் கொடுக்கிற டோர்னமென்ட் கமிட்டிகளுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன். (அந்தக் கோப்பை பின்னாளில் பர்மிங்காமில் எங்களைப் போன்ற ஒரு விளையாட்டுக் கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து திருடு போனது, 1895-இல். கிடைக்கவே இல்லை.)

அதற்குப் பிறகு ஆட்கள் குறைந்தார்கள். அவரவர் படித்த பள்ளியின் பழைய மாணவர் அணிக்கே ஆடப் போனார்கள். 1880-களில் வாண்டரர்ஸ் கலைந்தது.

2009-இல் ஆல்காக் குடும்ப வாரிசுகளின் சம்மதத்தோடு அதே பெயரில் அணி மறுபடி எழுந்தது. காசு வாங்காத ஆட்டம்தான். ஐ.நா.வின் குழந்தைகள் நல அமைப்பான யுனிசெஃப்புக்கு நிதி திரட்டுவதும் நோக்கம். 2012 நவம்பரில் அதே ஓவல் மைதானத்தில் அதே ராயல் இன்ஜினியர்ஸோடு முதல் இறுதியாட்டத்தைத் திரும்ப ஆடினார்கள். 7-1 என்று தோற்றார்கள். 140 வருடம் கழித்து அந்த இரண்டு பெயர்களும் அங்கே நேருக்கு நேர் நின்றனவே, எனக்கு அது போதும்.

இந்த ஜெர்சியை இப்போது தைத்து மாட்டக் காரணம் உண்டு. போன மாதம் ஒரு பெரியவர், பேரன்களோடு ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ கொண்டுவந்தார். நின்றுபோன ஊர் டீமை மறுபடி ஆரம்பிக்கிறார்களாம். போட்டோவில் நிறம் தெரியாதே என்றேன். துணி மாதிரிகளை ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துப் பார்த்து, ஒரு பாக்குப் பச்சையில் நிறுத்தி, "இதுதான், காலர் மட்டும் மஞ்சள்" என்றார்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒரு டீம் இருந்தால் பழைய போட்டோ, கிழிந்த பனியன் எதுவானாலும் எடுத்து வாருங்கள். நிறம் பொருத்தித் தருகிறோம். பதினொரு உருப்படி என்றாலும் தைப்போம். பெயரும் நம்பரும் அடிக்கத் தனிக் காசு வேண்டாம். பொங்கல் ஆட்டத்துக்கு வேண்டுமென்றால் கார்த்திகைக்குள் அளவு கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுப் பொருள் கடையினர்