கோத்தகிரி மேட்டில் வந்த கரும்புகை: பட்டறை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாகக் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் பதிவை உங்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கு, "உங்கள் மிஸ்திரியைப் பற்றித்தான்" என்று யாராவது அனுப்பிவைத்திருப்பார்கள். கோத்தகிரிக்கு ஏறும்போது வெள்ளை நிறப் பகோடா (பழைய மெர்சிடிஸ் பென்ஸ் கார்) ஒன்று கரும்புகை கக்கியதும், பின்னால் வந்த பஸ் ஓட்டுநர் ஹாரன் அடித்து ஓரங்கட்டச் சொன்னதும் அதில் விவரமாக வருகின்றன. புகை வந்தது உண்மை. நான்கு நாள் முன்புதான் அந்த வண்டி நம் பட்டறையிலிருந்து போனது என்பதும் உண்மை. மறுக்கவில்லை.

ஆனால் பதிவின் கடைசியில், "டீசல் பம்பு பார்க்கிறவரிடம் பென்ஸ் காரைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?" என்று ஒரு கேள்வி. புகையைவிட அதுதான் எனக்கு உறைத்தது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆமாம், நான் டீசல் பம்பு மிஸ்திரிதான்; என்ஜினுக்கு டீசலை அளந்து பீய்ச்சும் பம்பைப் பழுதுபார்ப்பவன். அப்பா கவுண்டம்பாளையத்தில் பட்டறை போட்ட நாளிலிருந்து லாரியும் டிராக்டரும்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. எனக்கு மீசை முளைப்பதற்கு முன்பே மைக்கோ (பாஷின் இந்தியக் கம்பெனி) பம்பைப் பிரித்துக் கோக்கத் தெரியும். பாஷ் நிறுவனம் டீசல் பம்பை வரிசையாகத் தயாரிக்கத் தொடங்கியது 1927-இல். சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் பம்போடு மெர்சிடிஸ் 300 எஸ்எல் வந்தது 1954-இல். 1963-இல் 230 எஸ்எல், பிறகு 250, 280 என்று 1971 வரை வந்த பகோடாக்களில் இருப்பதும் அதே வம்சத்துப் பம்புதான்; சிலிண்டருக்கு ஒன்றாக, பெட்ரோலைத் தள்ளும் ஆறு பிளஞ்சர் தண்டுகள். பீய்ச்சும் இடம் மட்டும் சிலிண்டரை விட்டு, காற்று உள்ளே போகும் இன்லெட் வாய்க்கு மாறியது. தாத்தாவோடு முப்பது வருடம் பழகியவனிடம் பேரனைக் கொடுத்ததில் என்ன பிழை? கார்புரேட்டரில் கைதேர்ந்தவர்கள் இந்தப் பம்பைத் திறந்து, வேகத்துக்கு ஏற்பப் பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்குள் இருக்கும் திருகுகளை ஆளுக்கு இரண்டு சுற்றுத் திருகிவிட்டுக் கடைசியில் என்னிடம் அனுப்பிய வண்டிகள் எத்தனையோ உண்டு. அவற்றைப் பற்றி நான் யாருக்கும் குரல் பதிவு அனுப்பியதில்லை.

(பகோடா என்றதும் சிரிக்கும் லாரி வாடிக்கையாளர்களுக்கு: கூரையின் நடுப்பகுதி தாழ்ந்து, கீழை நாட்டுப் புத்தக் கோயில் கூரையை நினைவூட்டுவதால் வந்த பெயர் அது. எதிர்க்கடை டீ மாஸ்டர் இன்றுவரை இதை நம்பவில்லை.)

இனி புகை. இந்தப் பம்புக்குள் மேடும் பள்ளமுமாகச் செதுக்கிய ஒரு கேம் இருக்கிறது. ஆக்சிலேட்டரும் கவர்னரும் சேர்ந்து அதைத் திருப்பி நகர்த்தும். அந்த மேடுபள்ளத்தைப் பொறுத்துத்தான் ராக் (பிளஞ்சர்களைத் திருப்பும் பல்சட்டம்) எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்பது முடிவாகும். அதற்கு மேல், காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைக்க ஒரு டப்பி. நாங்கள் அதை மலை டப்பி என்போம். உள்ளே இருப்பது காற்றை உறிஞ்சியெடுத்து மூடிய தகட்டுக் குடுவை. கோவையில் வெளிக்காற்று அதை அமுக்கி வைத்திருக்கும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அமுக்கம் குறையக் குறையக் குடுவை விரிந்து பெட்ரோலைக் குறைக்கும்.

குடுவையில் ஓட்டை விழுந்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே காற்று. சமவெளியிலேயே முழுக்க விரிந்து நின்றுவிடும். வண்டி காந்திபுரத்தில் நின்றுகொண்டு ஊட்டியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பெட்ரோல் போதாமல் இழுவை போய்விடும். இந்த வண்டியில் என்றோ ஒரு புண்ணியவான், குடுவையை மாற்றாமல் டப்பிக்கு அடியில் வாஷர் கொடுத்துத் தூக்கி, பெட்ரோலைக் கூட்டிவிட்டார். கீழே வண்டி பறந்தது. மேலே போனதும் குறைப்பதற்கு ஆளில்லை; முழுதாக எரியாத பெட்ரோல் கரும்புகையாக வந்தது.

இதை நாங்கள் கண்டுபிடிக்காமல் இல்லை. ஜாப் கார்டில் எழுதியிருக்கிறது. ஜெர்மனியிலிருந்து டப்பி வர ஆறு வாரம் ஆகும் என்றதும், "வீட்டில் கல்யாணம், இப்போதைக்கு வண்டியைக் கொடுங்கள், டப்பியைப் பிறகு பார்க்கலாம்" என்றார் உரிமையாளர். கையெழுத்தும் போட்டார். கல்யாணம் கோத்தகிரியில் என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. வழக்கமாக குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் வரை ஏற்றிப் பார்த்துத்தான் வண்டியை ஒப்படைப்போம், அந்த வாரம் ஆள் பற்றாக்குறையால் அது நடக்கவில்லை.

பதிவில் இன்னொரு குறை: இரண்டு நாள் கூலி வாங்கிக்கொண்டு பம்பைப் பத்து நிமிடம்தான் தொட்டேனாம். பத்து நிமிடமே அதிகம். வால்வு இடைவெளி, பாயிண்ட், இக்னிஷன் டைமிங் எல்லாம் சரியாகும்வரை நான் பம்பின் பக்கமே போகமாட்டேன். பிறகு, டாங்குக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டுப் பார்ப்பேன். 15 நொடியில் ஒரு லிட்டர் வர வேண்டும். அடுத்தது லிங்கேஜ்: ஆக்சிலேட்டரைத் த்ராட்டிலோடும் பம்போடும் இணைக்கும் கம்பிகள். அந்த வெள்ளை வண்டியில் பையன் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிக்க, நான் பம்பின் லீவர்மேல் விரல் வைத்திருந்தேன். காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் தட்டு முதலில் அசைந்தது; ஒரு பஸ் டிக்கெட் கனத்துக்குப் பிறகுதான் லீவர் அசைந்தது. இரண்டும் ஒரே நொடியில் கிளம்ப வேண்டும். அந்தக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யவே அரை நாள் போனது. என்ஜின் சூடேறியபின், குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோலும் காற்றும் விடும் வார்ம்-அப் கருவியின் காற்று வாயில் விரலை வைத்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அதுவும் ஒரு வேலை. எல்லாம் முடிந்த பிறகுதான், என்ஜினை நிறுத்திவிட்டு, பம்பின் பின்னால் இருக்கும் ஐடில் குமிழை அழுத்தி ஒன்றிரண்டு சொடுக்குத் திருப்புவது. பார்ப்பவருக்கு அந்தச் சொடுக்கு மட்டும்தான் கண்ணில் படுகிறது.

ஆள் பற்றாக்குறை என்றேன். பம்பை மாட்டி அளக்கும் டெஸ்ட் பெஞ்சில் 22 ஆண்டு நின்ற நம் பெரியவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆறு கண்ணாடிக் குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, ஆறிலும் மட்டம் ஒன்றாகும்வரை விடமாட்டார். சர்க்கரையால் கண் மங்கி, "மட்டம் இரண்டாகத் தெரிகிறது தம்பி" என்று சொல்லிவிட்டுச் சென்ற மாதம் தாராபுரத்துக்கே போய்விட்டார். இப்போது பெஞ்சில் நான் ஒருவன்தான். பையன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அதனால், பெட்ரோல் பீய்ச்சும் பம்பை அளந்து சரிசெய்யும் (காலிபரேஷன்) கட்டணம் 24,000 ரூபாயிலிருந்து 31,000 ஆகிறது. யூரோ விலையும் சுங்க வரியும் என் கையில் இல்லை. மாதம் இரண்டு பகோடாவுக்கு மேல் எடுக்கமாட்டேன். டீசல் கட்டணத்தில் மாற்றமில்லை. டப்பி போன வண்டியை, யார் வீட்டுக் கல்யாணமானாலும், டப்பி மாற்றாமல் வெளியே விடுவதாக இல்லை.

பதிவைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே பொள்ளாச்சியிலிருந்து தேங்காயும் இளநீருமாக வந்து உட்கார்ந்த அண்ணனுக்கும், "நீங்கள் சொல்லுங்கள், நான் குழுவில் பதில் போடுகிறேன்" என்று கிளம்பிய சேலத்து டாக்டருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அப்பா காலத்திலிருந்து வரும் லாரிக்காரர்கள் இதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த வெள்ளை வண்டிக்காரருக்கும் ஒரு சொல்: டப்பி வந்துவிட்டது. பொருத்தும் கூலி வேண்டாம், வாருங்கள்.

இன்னும் ஓரிரு விவரங்கள். இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலைப் பழைய ரப்பர் குழாய்கள் தாங்குவதில்லை. மாதக்கணக்கில் நிறுத்தினால் பிளஞ்சரும் ஒட்டிக்கொள்கிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சூடாகும்வரை ஓட்டுங்கள். பொங்கலுக்குப் பிறகு நம் பெஞ்சில் ஏறிய பம்புகளை, டீசல் ஆனாலும் பெட்ரோல் ஆனாலும், வசதிப்படும்போது ஒருமுறை கொண்டுவந்தால் மறுபடி அளந்து தருகிறேன், கட்டணம் இல்லை. வரும்போது டாங்கில் கால் பங்குக்கு மேல் பெட்ரோல் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீசல் பம்பு மிஸ்திரி