பிடியாணை இருக்கிறது, கைவிலங்கு எங்கே?

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் உறுப்பு நாடுகளின் அரசுகளுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் இத்தாலியின் தூரின் நகரில் ஒசாமா நஜீம் என்ற லிபிய அதிகாரி பிடிபட்டார். லிபியாவின் மித்திகா சிறையில் நடந்த கொலை, சித்திரவதை, பாலியல் வன்கொடுமை ஆகிய குற்றச்சாட்டுகளில், நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் இந்த நீதிமன்றம் அவர்மீது பிடியாணை பிறப்பித்திருந்தது. இரண்டே நாட்களில், நடைமுறைப் பிழை என்று காரணம் காட்டி விடுவித்தார்கள். அத்துடன் நிற்காமல், அரசு விமானத்திலேயே ஏற்றித் திரிப்போலியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். அந்தச் சிறையில் வதைபட்டு, உயிர் தப்பி வந்தவர்கள் இந்தச் செய்தியை என்ன மனநிலையில் படித்திருப்பார்கள்?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பிடியாணை உள்ளவர் உங்கள் மண்ணில் கால் வைத்தால், கைது செய்து ஹேக்கிடம் ஒப்படையுங்கள்.

அந்த நீதிமன்றத்துக்கென்று காவல்துறை கிடையாது என்பதை அதை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தை ஏற்ற நீங்கள் அறிவீர்கள். உங்கள் காவலர்கள்தான் அதன் கைகள். ஆனால் அதன் பிடியாணை உள்ள மூவரைப் பாருங்கள். 2015இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த அப்போதைய சூடான் அதிபர் அல் பஷீர், நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்று உள்ளூர் நீதிமன்றமே உத்தரவிட்டிருந்தும் விமானம் ஏறிப் போனார். 2024இல் மங்கோலியா புடினை வரவேற்றது. 2025 ஏப்ரலில் நெதன்யாகு வந்த நாளிலேயே ஹங்கேரி, நீதிமன்றத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது.

தாமதத்தின் விலையை ருவாண்டாவில் பாருங்கள். 1994 இனப்படுகொலைக்குப் பணம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஃபெலிசியன் கபுகா, பாரிஸ் அருகே 2020இல்தான் பிடிபட்டார். 2022இல் விசாரணை தொடங்கியது. மறுவருடமே, மறதிநோயால் அவர் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று கூறி வழக்கைக் காலவரையின்றி நிறுத்தினார்கள். முதியவரின் உடல்நிலையை மதித்த நீதிபதிகள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, கொன்றவர்களின் பெயர்களை மனத்தில் சுமந்து, கடைசியில் சாட்சிக்கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுபடி வாழ்ந்து சொன்னவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தீர்ப்பே கிடைக்கவில்லை. குற்றவாளி என்றும் இல்லை, நிரபராதி என்றும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் மறந்துவிட்டார். சாட்சிகளுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூரம்பெர்க்கிலும் டோக்கியோவிலும் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் வென்றவர்கள்தான் நீதிபதிகள் என்ற குற்றச்சாட்டு இன்றும் இருக்கிறது. டோக்கியோவில் இந்திய நீதிபதி ராதாபினோத் பால் அதைத் தம் மாறுபட்ட தீர்ப்பிலேயே எழுதினார். அந்தக் கறையைத் துடைக்கத்தான் நிரந்தர நீதிமன்றம் வேண்டும் என்றோம். பதவி யாரையும் காப்பாற்றாது என்று ரோம் சாசனத்தின் 27ஆம் பிரிவில் எழுதியும் வைத்தோம். இப்போது எதிரி மீதான பிடியாணைக்குக் கைதட்டுகிறீர்கள். நண்பர் மீது வந்தால் விதிவிலக்குத் தேடுகிறீர்கள். இப்படியே போனால் பழைய குற்றச்சாட்டுக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 161 பேர்மீது குற்றம் சாட்டியது. ஒருவர்கூடத் தலைமறைவாக மிஞ்சவில்லை. பதினாறு ஆண்டுகள் ஒளிந்திருந்த போஸ்னிய செர்பியப் படைத்தளபதி ராட்கோ மிலாடிச்சும் 2011இல் அகப்பட்டார். செர்பியாமீது ஐரோப்பிய நாடுகள் விடாமல் அழுத்தம் கொடுத்ததால் அது நடந்தது.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். கைதுக்கும் ஒப்படைப்புக்கும் தடையாக உங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் இருக்கும் ஓட்டைகளை இப்போதே அடைத்துவிடுங்கள். அடுத்த விமானம் தரையிறங்கும்போது அதில் வருபவர் உங்கள் நண்பராகவே இருந்தாலும், அவரைக் கைது செய்யுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து.