பழைய வாழ்த்து அட்டைகளில் பென்சில் எழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய பொங்கல் வாழ்த்து அட்டைகளைச் சேகரிப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையில், அட்டையிலுள்ள பென்சில் எழுத்தைச் சாதாரண ரப்பரால் அழித்துவிடலாம் என்று ஒரு வரி இருந்தது. பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன், நெடுங்காலமாக அட்டைகளைச் சேர்த்து வருபவன் என்ற முறையில், அந்த வரியை நம்பி யாரும் தங்கள் அட்டையைப் பாழாக்கிக்கொள்ளக் கூடாதே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

அப்படிப் பாழாக்கியவன் நான். கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடுதோறும் சுவரேறிய காலத்தில், அதே பாணியில் அச்சான மீனாட்சி கல்யாண அட்டை ஒன்று என் தந்தைக்கு வந்திருந்தது. படத்தின் ஓரத்தில் யாரோ போட்டிருந்த பென்சில் கோட்டை, மாணவர்கள் பயன்படுத்தும் இளஞ்சிவப்பு ரப்பரால் தேய்த்தேன். கோடு போயிற்று, கூடவே வழவழப்பும் சேலைக் கரையின் நிறமும் போய், காகிதம் பஞ்சாகக் கிளம்பிவிட்டது. இன்றும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தழும்பு தெரிகிறது.

அவ்வகை ரப்பர்களில் நுரைக்கல் தூள் போன்ற சுரண்டும் பொருள் கலந்திருக்கும். பென்சில் எழுத்தோ மையைப் போலக் காகிதத்துக்குள் ஊறுவதில்லை. கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்த துகள்கள் நார்களின் மேல் ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே அதைச் சுரண்ட வேண்டியதில்லை, ஒற்றி எடுத்தால் போதும். அழுத்தி எழுதியதால் விழுந்த பள்ளத்தை மட்டும் எந்த ரப்பராலும் போக்க முடியாது.

பளபளப்பான படப்பக்கத்தில் கை வைக்காமலிருப்பதே நல்லது. பின்பக்கத்தில் கடைக்காரர் எழுதிய விலையை எடுக்க விரும்பினால், அட்டையைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்து, ஓவியர்கள் மாவைப் போலப் பிசைந்து பயன்படுத்தும் சாம்பல் நிற ரப்பரால் முதலில் ஒற்றி எடுக்கவும். மிச்சமிருப்பதற்கு மென்மையான வெள்ளை பிளாஸ்டிக் ரப்பரைப் பிளேடால் கூராக நறுக்கி, எழுத்தில்லாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகு, ஒரே திசையில், விளிம்பை நோக்கியே, சிறு சிறு தேய்ப்பாகத் தேய்க்க வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் அட்டை மடிந்துவிடும். இரண்டு மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை ரப்பரை வேறு தாளில் துடைத்துக்கொள்ளாவிட்டால், எடுத்த கரியே திரும்ப அப்பிக்கொள்ளும். பிசிறுகளை உள்ளங்கையால் தள்ளாமல், வாயால் ஊதாமல், மென்மையான பிரஷ்ஷால் முழுவதும் அகற்றிவிடவும். தங்கிப்போகும் பிளாஸ்டிக் பிசிறு நாளடைவில் கறையாகும்.

ரப்பர் வழக்கத்துக்கு வருமுன் மேல்நாட்டில் ரொட்டித் துண்டால் அழித்தார்கள் என்பதால், இன்றும் சிலர் அதைச் சொல்லுகிறார்கள். காகிதத்தில் தங்கும் அதன் மாவுத் துகள் இராமபாணப் பூச்சியை அழைத்து வரும். ஈரத் துணியும் எச்சிலும் கூடவே கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் எத்தனையோ வீடுகளில் காகிதங்கள் நனைந்தன. அவ்வாறு நனைந்த அட்டை நன்றாக உலர்ந்து சமமாகும்வரை அதில் ரப்பர் படவே கூடாது.

எதை அழிக்கலாம் என்பதையும் யோசிக்க வேண்டும். உடன்குடியிலிருந்து என் அத்தை அனுப்பிய அட்டையின் பின்னால், "அண்ணனுக்குக் கிழங்கு இரண்டு கட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன்" என்று பென்சிலில் இருக்கிறது. அதை அழித்தால் மிஞ்சுவது கடையில் ஆயிரக்கணக்கில் விற்ற ஓர் அட்டை. அழிக்குமுன் புகைப்படம் எடுத்துக்கொள்வதும், விற்கும்போது அழித்ததை மறைக்காமல் சொல்வதும் முறை. கடைக்காரர்கள் விலையைத் தனிச் சீட்டில் எழுதி உறையில் வைத்தால் இந்தப் பாடே இல்லை.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதல் பாதுகாப்பு ஆய்வகம் இயங்கி வருகிறது. அதன் வல்லுநர்களை வரவழைத்து, பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காகிதப் பாதுகாப்பு குறித்து ஒருநாள் பயிற்சி நடத்த அருங்காட்சியகங்கள் துறை முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பாளையங்கோட்டை.